காணி உறுதியில் தண்ணீரையும் எழுத வேண்டும்

(மாதர் அணி, இளைஞர் அணித் தோழர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு யாழ்ப்பாணத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "நம்ம பீலியில ரெண்டு நாளா தண்ணி இல்ல, இவங்க யாழ்ப்பாணத்துக் கிணத்துக்குப் போயிட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். கேட்டது நியாயமான கேள்விதான். பீலியில் தண்ணீர் இல்லாததால்தான் நாங்கள் அங்கே போனோம். மலையே இல்லாத, வருடம் முழுவதும் ஓடுகிற ஓர் ஓடைகூட இல்லாத ஊரில் ஜனங்கள் எப்படி நூற்றுக்கணக்கான வருடங்களாகத் தோட்டம் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. சங்கத்தின் கல்விக் குழுவிலிருந்து ஒன்பது பேர், அதில் ஆறு பேர் கொழுந்தெடுக்கிற பெண்கள், மூன்று நாட்கள் வலிகாமம் பகுதியில் நடந்து திரிந்தோம். பார்த்ததைச் சொல்கிறோம். பாராட்ட வேண்டியது இருக்கிறது, பாராட்டக் கூடாததும் இருக்கிறது. இரண்டையும் சொல்வோம்.

குடாநாட்டில் ஆறு உண்டா என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். ஒன்று உண்டு. வழுக்கையாறு என்று பெயர், வழுக்கியாறு என்றும் சொல்வார்கள். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரும் குளத்து நீரும் சேர்ந்து, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கமாக வந்து, அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. மாரி மழையில் மட்டும் ஓடும். பங்குனி சித்திரையில் போனால் ஆற்றைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். மாடு மேய்கிற ஒரு பள்ளத்தைக் காட்டுவார்கள். எங்களோடு வந்த ஒரு தங்கச்சி, "இதையா ஆறுங்கிறாங்க, நம்ம லயத்துக் கானுல இதவிட தண்ணி ஓடுமே" என்று சிரித்துவிட்டாள். அந்தப் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் உயர வித்தியாசம் சில மீற்றர்தான். நம் கண்ணுக்கு அது பள்ளத்தாக்கே இல்லை. ஆனால் தண்ணீருக்கு அந்தச் சரிவு தெரியும், அந்த ஊர்க்காரருக்கும் தெரியும். எந்த வயலிலிருந்து எந்தக் குளத்துக்கு, எந்தக் குளம் நிறைந்து எந்த வாய்க்காலுக்கு என்று வயதானவர்கள் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார்கள்.

அவர்களுடைய தண்ணீர்க் கணக்கு நம்முடையதற்கு நேர் எதிரானது. நமக்கு மேலே ஊற்று, கீழே வீடு. குழாயைப் போட்டால் தானாக இறங்கி வரும். அவர்களுக்கு மேலே எதுவும் இல்லை, எல்லாம் காலுக்குக் கீழே. வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். நம் வட்டவளைப் பக்கம் அதைப்போல் நான்கு மடங்கு பெய்கிறது. பெய்கிற அந்த மழை செம்மண்ணில் இறங்கி, அதன் கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் போய்த் தங்குகிறது. தங்குகிற இடத்துக்கு அடியில் கடல் நீர். நல்ல தண்ணீர் பாரம் குறைந்ததால் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. புத்தூரில் நிலாவரைக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. குடாநாடு முழுவதும் கிட்டத்தட்ட இந்த நிலாவரைதான். அளவுக்கு மீறி இறைத்து நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி மேலே ஏறும் என்பது விஞ்ஞானக் கணக்கு. ஒருவர் பேராசைப்பட்டு இறைத்தால் பக்கத்து வளவுக்காரரின் கிணறும் உவராகிவிடும். ஆகவே அங்கே தண்ணீர் என்பது தனி மனிதர் விவகாரமாக இருக்கவே முடியாது.

இதைத் தெரிந்துதான் பழைய மனிதர்கள் குளம் வெட்டியிருக்கிறார்கள். குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் சிறு குளங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். இவை நம் காசல்ரீ, மவுசாக்கலை போல நீரைத் தேக்கி வைத்து மின்சாரம் எடுக்கிற குளங்கள் அல்ல. ஓடி வருகிற மழையை நிறுத்தி, நின்று நிதானமாக நிலத்துக்குள் இறங்க வைக்கிற குளங்கள். குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். கோடையில் குளம் வற்றியதும் ஊர்கூடித் தூர்வாரி, அந்த வண்டல் மண்ணை வண்டியில் ஏற்றி வயலுக்கும் தோட்டத்துக்கும் போடுவார்கள். குளமும் ஆழமாகும், மண்ணுக்கும் உரம். இதற்குத் தனியாகத் திட்டம், பதாகை, திறப்பு விழா எதுவும் கிடையாது.

இடையில் இது அறுந்து போனது. குளத்தில் குப்பை கொட்டினார்கள், ஓரத்தை நிரப்பிக் கட்டடம் கட்டினார்கள், வாய்க்கால் மறிபட்டது. போர் இன்னொரு பக்கம். ஆற்றின் தலைப்பகுதியான வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். அங்கே பெரும் நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாகிவிட, திரும்பிப் போக இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஆள் இல்லாத ஊரில் குளத்தை யார் பார்ப்பது? சமீப காலமாகத்தான் கமக்காரர் அமைப்புகள், பிரதேச சபைகள், திணைக்களங்கள், பல்கலைக்கழகத்தார், வெளிநாட்டில் இருக்கிற ஊரவர் என்று பலரும் சேர்ந்து குளங்களைத் திரும்பத் தூர்வாருகிறார்கள். சில இடங்களில் நன்றாக நடக்கிறது. சில இடங்களில் குளத்தைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போட்டு அழகுபடுத்திவிட்டு, தண்ணீர் வருகிற வாய்க்காலை மறந்துவிட்டார்கள். படம் எடுக்க நல்ல இடம்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். எங்கள் குழு அதிக நேரம் நின்றது அங்கேதான்.

வலிகாமத்துத் தோட்டக் காணிகளில் பங்குக் கிணறு என்று இருக்கிறது. ஒரு கிணறு, நாலைந்து பேருக்குச் சொந்தம். அப்பன் சொத்து பிள்ளைகளுக்குப் பிரியும்போது நிலம் துண்டாகும். கிணற்றைத் துண்டாக்க முடியாதே. ஆகவே முறை வைத்துக்கொள்கிறார்கள். முன்னே துலா மிதித்து இறைத்த காலத்திலும் அதே முறை, இப்போது மோட்டார் போட்டு இறைக்கிற காலத்திலும் அதே முறை. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு வயதானவரிடம் எங்கள் அக்கா ஒருவர் கேட்டார், "பங்குன்னா தண்ணிய எப்படிங்க ஐயா பிரிப்பீங்க?"

"தண்ணியைப் பிரிக்கிறேல்லைப் பிள்ளை, நாளைத்தான் பிரிக்கிறது" என்றார் அவர்.

இன்று ஒருவருக்கு, நாளை அடுத்தவருக்கு, சிறு பங்குக்காரருக்கு அரை நாள். பங்கு குறைந்தவருக்கு நாள் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. சண்டை வருவதில்லையா என்று கேட்டோம். "வராமல் என்ன" என்று சிரித்தார். வழக்குப் பேசி நீதிமன்றம் போன குடும்பங்களும் உண்டாம். ஆனால் சண்டை வந்தாலும் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. தோழர்களே, நாங்கள் போன பயணத்தின் பலன் முழுவதும் இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

அந்த ஊர்க் காணி உறுதிகளில், இந்த எல்லைக்குள் இத்தனை பரப்புக் காணி என்று எழுதுவதோடு நிறுத்த மாட்டார்கள். கிணற்றில் இத்தனை பங்கு, போய்வர வழி, தண்ணீர் கொண்டுபோக வாய்க்கால் என்று அதையும் சேர்த்து எழுதுகிறார்கள். காணியை விற்றால் அந்தக் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்ந்தே கை மாறும். வாங்குகிறவன் எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும், பக்கத்துக் காணிக்காரரின் நாளை அவன் எடுக்க முடியாது. நிலம் வேறு, தண்ணீர் வேறு, வழி வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை. தண்ணீர் போகாத நிலத்துக்கு என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் யாழ்ப்பாணம் ஏதோ சமதர்ம பூமி போல ஆகிவிடும். அப்படி இல்லை. உறுதியில் பெயர் இருந்தவருக்குத்தான் அந்த நீதி. காணி இல்லாதவருக்கு, ஒடுக்கப்பட்ட சாதி என்று ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு, கிணற்றங்கரைக்குக் கிட்டப் போகவே அனுமதி இருக்கவில்லை. நாளெல்லாம் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த கூலியாள், தன் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீருக்கு யாராவது வந்து அள்ளி ஊற்ற மாட்டார்களா என்று காத்து நின்ற காலம் அது. நம் தாத்தாமார் துரை பங்களாவுக்குத் தண்ணீர் சுமந்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததால் கிணறு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஓர் ஊர்வலம் கிளம்பியது. அதன் பிறகுதான் தேநீர்க் கடை, கோயில் என்று ஒவ்வொன்றாகப் போராட்டம் எழுந்தது. மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் நடந்ததும் அதன் தொடர்ச்சிதான். அந்த இயக்கத்துக்குத் துணை நின்ற இடதுசாரித் தலைவர் நா. சண்முகதாசன், நம் தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் வளர்ந்ததற்குப் பின்னாலும் இருந்தவர். மூத்த தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும். வடக்கில் கிணற்றுக்கும் மலையகத்தில் சம்பளத்துக்கும் ஒரே காலத்தில், ஒரே கொடியின் கீழ் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இது இல்லை, அதனால் சொல்கிறோம்.

கள் இறக்குகிற தொழிலாளர் கதையும் நமக்கு நெருக்கமானது. உயிரைப் பணயம் வைத்துப் பனை ஏறுகிறவர் ஒருவர், தவறணையைக் குத்தகைக்கு எடுத்துப் பணம் பண்ணுகிறவர் இன்னொருவர். 1970களில் அந்தத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இறக்கியதைத் தங்கள் சங்கத்துக்கே கொடுத்து, தங்கள் தவறணையிலேயே விற்று, வடமராட்சியில் திக்கம் என்ற இடத்தில் வடிசாலையும் நடத்துகிற நிலைக்கு வளர்ந்தார்கள். மது விற்பனையைப் பற்றி மாதர் அணிக்கு ஒரு கருத்து இருக்கும், அதை மதிக்கிறோம். நாங்கள் கவனித்தது வேறு. ஏறுகிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளான பின்பு, அந்த வீடுகளின் நிலைமை மாறியது. பனையை வெட்டித் தள்ளாமல் வைத்திருக்கவும் ஒரு காரணம் கிடைத்தது. அதே போல் மூளாய் என்கிற கிராமத்தில் 1930களில் ஊரவர் சேர்ந்து கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்கள். நம் தோட்டத்து டிஸ்பென்சரியை நினைத்துக்கொண்டு அதைக் கேட்டால் பெருமூச்சுத்தான் வரும்.

உரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பூவரசங் குழை, பனையோலை, மாட்டெரு, ஆட்டுப் பட்டி என்று நிலத்துக்குப் போட்டார்கள். ஆட்டையும் மாட்டையும் இரவில் தோட்டத்தில் பட்டி அடைத்து, அதன் எருவும் சிறுநீரும் மண்ணில் இறங்க விடுவார்கள். அதற்குப் பட்டிக்காரருக்குக் கூலியும் உண்டு. பிறகு யூரியா வந்தது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாவற்றுக்கும் அள்ளிப் போட்டார்கள். செம்மண்ணில் போட்டது செம்மண்ணில் நிற்காது, மழையோடு கீழே போகும். கீழே இருப்பது குடிதண்ணீர். அதோடு மலசலகூடக் குழியும் கிணறும் நெருங்கி நெருங்கி வந்தன. இப்போது வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டி நிற்கிறது. அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா கைக்குழந்தைக்கு ஆபத்து, உடம்பு நீலம் பாரிக்கும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யூரியாவும் கிடையாது, மோட்டாருக்கு மண்ணெண்ணெயும் கிடையாது. வேறு வழியில்லாமல் குழைக்கும் எருவுக்கும் திரும்பினார்கள். தடை நீங்கியதும் பழையபடி யூரியா. வற்புறுத்தி நிறுத்திய பழக்கம் அப்படித்தான் திரும்பி வரும். நமக்கும் 2021இல் ஒரு பாடம் கிடைத்ததே. மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். இயற்கை விவசாயம் என்ற நல்ல பெயரை முன்னால் வைத்தார்கள். எந்தத் தொழிலாளியிடம் கேட்டார்கள்? 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. கொழுந்து விழுந்தால் துரைக்குக் கணக்கு விழும், நமக்குப் பேர் விழாது, அரைப் பேர்தான் விழும். எடை போடுகிற இடத்தில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும்.

சுன்னாகம் என்ற பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. வாளியில் அள்ளிய தண்ணீரில் வானவில் தெரிந்தது என்றார்கள். குடிதண்ணீர்க் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு என்று ஒவ்வொன்றாகப் பரவியது, ஏனென்றால் கீழே சுண்ணாம்புக் கல்லில் வேலி கிடையாது. மக்கள் வீதிக்கு வந்தார்கள், மாணவர்கள் வந்தார்கள், வைத்தியர்கள் வந்தார்கள். நிபுணர் குழு ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் பேசின. 2015இல் சூழல் அமைப்பொன்றின் தரப்பிலிருந்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கலானது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்தி செய்த நிறுவனம் அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2 கோடி என்பது பாழான கிணறுகளுக்குப் பெரிய தொகை அல்ல. ஆனால் தண்ணீரைக் கெடுத்தவன் காசு கட்ட வேண்டும் என்று இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊற்றுக்கு மேலே களைக்கொல்லி அடிக்கிறவர்களிடம் பேசும்போது நம் தலைவர்மார் இந்தத் தீர்ப்பை ஞாபகப்படுத்தலாம்.

இன்னொரு தண்ணீர் விவகாரம் நம் சொந்தக்காரரைத் தொட்டது. 2010ஐ ஒட்டி, கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், எங்கள் வயலுக்கே சிறுபோகத்துக்குப் போதவில்லை என்றார்கள். யாழ்ப்பாணத்துத் தாகமும் உண்மை, கிளிநொச்சி வயலும் உண்மை. கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் என்பது அதன் அளவு. மின்சாரத்தைத் தின்கிற ஏற்பாடு அது. குளத்தில் விழுகிற மழைக்கு மின் கட்டணம் இல்லை.

இதில் நம் சொந்தக்காரர் எங்கே வருகிறார்கள் என்று கேட்பீர்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டுப் போனவர்கள் கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். காட்டை வெட்டி ஊராக்கியவர்கள். அவர்களில் பலருக்கு இன்றைக்கும் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் காணி கிடையாது. மற்றவர் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள். இரணைமடுத் தண்ணீர் யாழ்ப்பாணத்துக்கா கிளிநொச்சிக்கா என்று மேடை மேடையாகப் பேசினார்கள். வாய்க்காலில் பங்கே இல்லாதவர்களின் பெயர் எந்த மேடையிலும் பெரிதாகக் கேட்கவில்லை. உறுதியில் பெயர் இல்லாதவருக்குத் தண்ணீர்ப் பேச்சிலும் இடமில்லை. துலா மிதித்தவருக்கு நேர்ந்ததும் இதுதான்.

சரி, நம் மலைக்கு வருவோம்.

இந்த நாட்டின் பெரிய ஆறுகள் நம் மலைகளில்தான் பிறக்கின்றன. மகாவலியும் களனியும் நம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்துதான் கீழே போகின்றன. அந்தத் தண்ணீரைத் தேக்குவதற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கொழும்பில் எரிகிற விளக்கில் நம் மழை இருக்கிறது. ஆனால் லயத்தில் ஐந்தாறு காம்பராவுக்கு ஒரு பீலி, மேல் டிவிஷன் தொட்டியை யார் கழுவுவது என்று சண்டை, வெயில் காலத்தில் இரவு பதினொரு மணிக்குக் குடத்தோடு வரிசை. மழை குறைந்ததால் மட்டுமா இது? ஊற்றுக்கண் இருக்கிற காட்டை வெட்டி விறகாக்கினார்கள். சில இடங்களில் நாமும் விறகுக்கு வெட்டினோம். ஊற்றுக்கு மேலே செடி வைத்து மருந்தடித்தார்கள். சில ஓடைகளைச் சிறு மின் திட்டங்களுக்குத் திருப்பினார்கள். பீலி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் தோட்டம் என்பார்கள். தோட்டம் என்றால் கம்பனியா, அரசாங்கமா என்று கேட்டால் பதில் வராது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, நிலம் அரசாங்கத்தின் பேரிலேயே இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவதற்கு வசதியான ஏற்பாடு.

கான் வெட்டுவதைப் பாருங்கள். நம் அப்பாமார் மலையில் கான் வெட்டியது எத்தனை கெட்டித்தனம்! மழை ஓடி மண்ணை அடித்துக்கொண்டு போகாமல், அங்கங்கே குழியில் நின்று, மண்ணை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகப் போகிற மாதிரி வாட்டம் பார்த்து வெட்டினார்கள். வழுக்கையாற்றுக் குளம் செய்கிற அதே வேலைதான். நம்மிடம் இருந்த அறிவு அது, வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்களைக் குறைத்தார்கள், பல தோட்டங்களில் கான் தூர்ந்து கிடக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சரிவுக்கு மழையும் காரணம், மலையின் அமைப்பும் காரணம், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீருக்கு வழி விடாத மலையில் ஆபத்துக் கூடும் என்பது கான் வெட்டிய எந்தத் தாத்தாவுக்கும் தெரியும்.

அதனால்தான் காணி உரிமை என்று நாம் கேட்கும்போது, வெறும் நிலத்தின் அளவை மட்டும் கேட்டுவிட்டு நிற்கக் கூடாது என்கிறோம். 7 பேர்ச்சஸா 10 பேர்ச்சஸா என்று வருடக்கணக்காக வாதாடுகிறோம். வாதாட வேண்டியதுதான், 20 கேட்டாலும் தகும். ஆனால் சில தோட்டங்களில் வந்த புது வீடுகளைப் போய்ப் பார்த்தோம். வீடு இருக்கிறது, உறுதியும் சிலர் கையில் இருக்கிறது. தண்ணீர் வருகிற குழாய் மட்டும் பழைய லயத்துத் தொட்டியிலிருந்து வருகிறது. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வருகிற ஊற்று வேறு நம்பர் மலையில், கம்பனியின் கையில். நாளைக்கு அங்கே மரத்தை வெட்டினாலோ, ஓடையைத் திருப்பினாலோ, வேலியை அடைத்தாலோ, நம் கையில் இருக்கிற உறுதியில் அதைத் தடுக்க ஒரு வரி கிடையாது. வழுக்கையாற்றங்கரையில் வெங்காயம் நட்ட அந்தப் பெரியவரின் கையில் அந்த ஒரு வரி இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் கோரிக்கையில் இதைச் சேர்க்கும்படி நாங்கள் முன்மொழிகிறோம். வீட்டுக் காணிக்கு உறுதி எழுதும்போது, ஊற்றிலிருந்து தண்ணீர் பெறும் பங்கு, குழாய் வருகிற வழி, மழைநீர் போகிற கான், நடைபாதை ஆகிய நாலும் எழுத்தில் வேண்டும். ஊற்றைச் சுற்றிய காட்டுத்துண்டு யாருக்கும் தனிப்பட்டுப் போகாமல் குடியிருப்பின் பொதுவாக இருக்க வேண்டும். உறுதியில் மனைவியின் பெயரும் சேர வேண்டும், ஏனென்றால் குடம் தூக்குகிறது அவர்தான். தோட்டத்தை விட்டு வெளி வேலைக்குப் போனவர், ஓய்வு பெற்றவர், புருஷன் இல்லாதவர், அடுத்த லயத்திலிருந்து வந்து தங்கியவர், எந்தச் சாதிக்காரர், எந்தச் சங்கத்துக்காரர் என்றெல்லாம் பார்த்து ஒருவரைப் பங்கிலிருந்து தள்ளக் கூடாது. அங்கே நடந்த தவறை நாம் இங்கே புதிதாகத் தொடங்க வேண்டாம். நம் லயங்களிலும் தொங்கல் காம்பராக்காரரை ஒரு மாதிரி பார்க்கிற பழக்கம் இல்லையா? இருக்கிறது.

பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாது என்று இன்னும் சில உத்தியோகத்தர் சொல்வார்கள். அது பழைய கதை. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்ய இடம் வந்திருக்கிறது. நம் வோட்டால் போன உறுப்பினரிடம் அதைக் கேளுங்கள். சரிவு அபாயம் இருக்கிற இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்க வேண்டும் என்று பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஆனால் கோரிக்கை வைப்பதற்கு முன்னால் நம்மிடம் கணக்கு வேண்டும். எந்த ஊற்று, எந்தத் தொட்டி, எத்தனை வீடு, கோடையில் எத்தனை மணி நேரம், மேலே என்ன இருக்கிறது, யார் கழுவுகிறார்கள். இது ஒரு இடத்திலும் எழுதி வைக்கப்படவில்லை, எல்லாம் பெண்களின் தலையில் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அளந்து வரைவதில் நம்மைவிடச் சுறுசுறுப்பு. ஒவ்வொரு டிவிஷனுக்கும் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பெண்கள் என்று இன்றே பெயர் கொடுங்கள். தாத்தா பாட்டிமாரைக் கேட்டுப் பழைய கான் எங்கே போனது, எந்த ஊற்று முன்பு வற்றாமல் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைகிறபோது கம்பனியின் எல்லையைப் பார்க்க வேண்டாம், தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதுவரைக்கும் ஏறிப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள்.

வரைவதற்குப் பெரிய தாள்களும் நிறப் பேனாக்களும் வாசலில் மேசையில் இருக்கின்றன. மாதர் தலைவிமார் கையொப்பம் வைத்துவிட்டு எடுத்துப் போகலாம். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிறு, காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் எல்லா டிவிஷன் தாள்களையும் ஒன்றாக விரித்துப் பார்ப்போம்.